அரைத்துணியின் சரித்திரம்

பேராக்கின் முதல் ரெசிடெண்டாக வந்த பர்ச் துரை 1875-ஆம் வருஷம் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார் என்பதை இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் யாவரும் அறிவர். 1877-இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன என்பதையும், அவ்விதையினின்றே நம் பாட்டன்மார் கப்பலேறிய கதை கிளைத்தது என்பதையும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆனால் அப்பாட்டன்மாரின் பிள்ளைகள் தொட்டிலிற் கிடந்த காலத்தில், அவர்கள் இடையில் கட்டப்பட்ட துணி எது? அது எங்கிருந்து வந்தது? அதை நாள்தோறும் அலசி உலர்த்திய கை யாருடையது? இவற்றை எந்தப் புத்தகமும் நமக்குக் கற்பிக்கவில்லை. துரைமாருக்குச் சரித்திரம் உண்டு. மரத்திற்கும் சரித்திரம் உண்டு. தொட்டில் துணிக்கு மட்டும் சரித்திரம் இல்லை போலும்!

இவ்வாராய்ச்சியில் நாம் இறங்கியதற்குக் காரணம் ஒரு சாக்கடை. நாம் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்தில், சென்ற மழைக்காலத்தில், குடியிருப்பின் பின்புறச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் வாசற்படிவரை ஏறிற்று. வங்காளதேசத்திலிருந்து பிழைக்க வந்த இரண்டு இளைஞர்கள் இறங்கித் தோண்டினார்கள். மண்ணும் இலையும் மிகச் சொற்பம். வெளியே வந்தவையெல்லாம் குழந்தைகளுக்குக் கட்டி எறிந்த உறைகளே. ஒவ்வொன்றும் நீரைக் குடித்துச் சிறு தலையணைபோல் ஊதியிருந்தது. அவ்விளைஞர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நம்மை நிமிர்ந்து பார்த்தனர். நாம் தலை குனிந்தோம். ஏனெனில் அவற்றிற் சில நம் வீட்டினின்று சென்றவை.

அன்று இரவு நமக்கு எழுந்த கேள்வியே இக்கட்டுரை. குழந்தையின் இடுப்பிற் கட்டும் துணியை ஈண்டு அரைத்துணி என்போம். மலாய்க்காரர் லம்பின் என்பர். ஒருமுறை கட்டி எறியும் கடை உறையை டயப்பர் என்றும், ஒரு கம்பெனி தன் சரக்கிற்கு இட்ட பெயரையே பொதுப் பெயராக்கிப் பேம்பர்ஸ் என்றும் நம்மவர் வழங்குகின்றனர். பெயர் எதுவாயினும் ஆகுக. முன்னது போய்ப் பின்னது வந்த வழி என்ன? முன்னதற்கு நாம் திரும்புவது தகுமா? தகுமெனின் எவ்விதம்? இவையே ஆராயத் தக்கவை.

பழஞ்சேலையின் காலம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி உடுத்தாமல், பழந்துணியில் கிடத்துவதே வழக்கம். பிறக்குமுன் துணி தைத்து வைப்பது ஆகாது என்பாரும் உண்டு. இவ்வழக்கத்தில் பாதி அச்சம், பாதி அறிவு. பிள்ளை தங்குமோ தங்காதோ என்பது அச்சம். பலமுறை துவைத்த பருத்தி வேட்டியும் நூற்சேலையும் கஞ்சியும் முரட்டுத்தனமும் நீங்கி, மெத்தென்றாகி, ஈரத்தை விரைவில் உறிஞ்சும் என்பது அறிவு. அச்சத்தைத் தள்ளி அறிவை எடுத்துக்கொள்வதே நம் கடமை.

பகற்பொழுதில் பெரும்பாலும் குழந்தைக்குத் துணியே கட்டுவதில்லை. பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து, தன் இரு பாதங்களின்மேல் குழந்தையை இருத்தி, வாயால் மெல்லச் சீழ்க்கை ஒலி எழுப்பி, காலைக்கடன் கழிக்கப் பழக்குவாள். நம் அண்டை வீட்டாராகிய சீனரின் பழைய வழக்கமும் இதற்கு வெகுதூரமன்று. அடிப்புறம் திறந்த காற்சட்டையை அணிவித்து அவர்களும் குழந்தையைச் சிறு வயதிலேயே பழக்கினர்.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ நாம் முன்வரவில்லை. இரண்டு குறைகளை மறைப்பது நேர்மையாகாது. முதலாவது, குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்ற எண்ணம். அதை முற்றத்தில் வழித்தெறிந்தாலும், வாய்க்காலில் அலசிவிட்டாலும் குற்றமில்லையென்று நம்மவர் நம்பினர். பெரியோர் மலத்திலுள்ள நோய்க்கிருமிகளும் புழு முட்டைகளும் குழந்தையின் மலத்திலும் உண்டென்று இன்றைய வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. கழிச்சலாலும் வயிற்றுப் புழுவாலும் மாண்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

இரண்டாவது குறை இதனினும் பெரிது. பிரசவ அறைத் துணியைத் தீட்டுத் துணியென்று ஒதுக்கி, வண்ணார் குலத்துப் பெண்ணின் கையில் கொடுப்பது வழக்கம். பிறந்தது நம் குழந்தை. அழுக்கு நம் அழுக்கு. தீட்டு மட்டும் அவளுக்கு! கூலியோ வாசலில் நின்று வாங்கும் சோறும், அறுவடைக் காலத்தில் அளக்கும் சிறிது நெல்லும். நம் அழுக்கைப் போக்கித் தூய்மை செய்தவளைத் தாழ்ந்தவளென்று கூறிய சமூகம், தன்னைத் தூயதென்று கூறிக்கொண்டது. அரைத்துணியின் பழம்பெருமை பேசுவோர் இவ்வொரு பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுப் படித்தல் கூடாது.

லயத்தில் விழுந்த சுமை

கடல் கடந்து பேராக்கின் தோட்டங்களுக்கு வந்தபின், ஊர் வண்ணாத்தியிடம் துணி போடும் பழைய ஏற்பாடு பெரும்பாலும் அறுந்தது. அறுந்தது நன்றே. ஆனால் அச்சுமை எங்கே விழுந்தது? முழுவதும் தாயின் தலையில் விழுந்தது.

அவள் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பால்மரம் சீவப் போவாள். கொட்டகையில் வரிசையாக ஏணைகள் தொங்கும். ஒருத்தியோ இருவரோ ஆயாமார். ஈரத்தில் கிடந்து அழும் பிள்ளைகளோ பலர். நண்பகலுக்குப் பின் தாய் திரும்பிவந்து, குழந்தையை இடுப்பிலேற்றி, மூட்டையாகக் கட்டிய ஈரத்துணிகளுடன் லயத்துப் பொதுக் குழாயடியில் முறை காத்து நிற்பாள். அந்நேரம் புருஷன்மாரிற் பலர் எங்கே இருந்தனரென்று கேட்டால், கள்ளுக்கடை என்ற ஒரே விடைதான் முதியோரிடம் கிடைக்கும்.

1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் இத்துயரம் இரட்டித்தது. வெளிநாட்டுத் துணி வருவது நின்று, சாக்கை வெட்டி உடுத்தியோர் தோட்டங்களில் பலர். ஆண்களிற் பெருந்தொகையினரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயினர். பெரியோர் மானத்தை மறைக்கவே துணியில்லாத அந்நாளில், பெட்டியடியில் மிஞ்சிய ஒரு பழஞ்சேலை குழந்தையுள்ள வீட்டிற்குப் பொன்னாயிருந்திருக்கும்.

இவ்வளவையும் தாங்கிய அத்தாய்மாரின் பேத்திகள், கடையில் ஒரு பொட்டலம் டயப்பரைக் கண்டபோது அதை ஆவலுடன் எடுத்தனர் என்றால், அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவதற்கு நமக்கு என்ன வாய் இருக்கிறது?

ஊசியும் ரப்பரும் காகிதமும்

இனி, அப்பொட்டலம் பிறந்த வரலாற்றைப் பார்ப்போம். ஐரோப்பாவில் நெடுங்காலம் குழந்தையைக் கழுத்து முதல் கால்வரை நாடாத் துணியால் இறுகச் சுற்றிவைக்கும் வழக்கம் இருந்தது. 1748-இல் வில்லியம் கடோகன் என்ற ஆங்கில வைத்தியரும், 1762-இல் தம் 'எமீல்' என்னும் நூலில் ரூசோவும் இதைக் கண்டித்தனர். பிள்ளையின் கைகால்கள் விடுதலை பெற்றன. இடையில் மட்டும் துணி நின்றது. 1849-இல் நியூயார்க்கைச் சேர்ந்த வால்ட்டர் ஹண்ட் என்பவர், குத்தாமல் மூடிக்கொள்ளும் ஊக்கைக் கண்டுபிடித்தார். அவர் அதன் உரிமையை வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்டார்; அரைத்துணியைப் பிடித்து நிறுத்தும் கருவி உலகிற்குக் கிடைத்தது.

அடுத்து வந்தது ரப்பர். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையைக் கண்டபின், நீர் புகாத விரிப்பும், அரைத்துணியின்மேல் அணியும் ரப்பர் ஜட்டியும் காலக்கிரமத்தில் கடைக்கு வந்தன. நம் பாட்டன்மார் சீவிய பாலின் பெரும்பகுதி மோட்டார் வண்டிச் சக்கரமாக உருண்டது உண்மை. ஆயினும் மலாயா ரப்பர் உலகச் சந்தையை நிறைத்த அந்நாளில், அதில் ஒரு துளியேனும் ஏதோ ஒரு மேல்நாட்டுத் தொட்டிலில் விரிப்பாகக் கிடந்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை. அதே நேரத்தில் நம் பிள்ளைகள் ஈர ஏணையில் கிடந்தனர் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் இரண்டு தாய்மார் இவ்வரலாற்றில் தோன்றுகின்றனர். இங்கிலாந்தில் வேலரி ஹண்டர் கார்டன் என்ற அம்மையார், மூன்றாம் குழந்தை பிறந்த 1947-இல், துணி துவைத்துச் சலித்து, பாராசூட் நைலானால் ஓர் உறை தைத்து, அதனுள் பஞ்சுத் திண்டு வைத்துப் பயன்பட்டபின் திண்டை மட்டும் எறியும் வகை செய்தார். அமெரிக்காவில் மரியன் டானவன் என்ற அம்மையார், குளியலறைத் திரையை வெட்டித் தைத்து நீர் கசியாத மேலுறை ஒன்றைச் செய்தார். அது 1949-இல் நியூயார்க் கடையொன்றில் விற்பனைக்கு வந்தது. 1951-இல் அவர் பத்து லட்சம் டாலருக்கு அதன் உரிமையை விற்றார். இருவரும் எஞ்சினீர்களல்லர், துவைத்துக் கை ஓய்ந்தவர்கள். ஆண்மக்கள் துவைக்கும் வழக்கம் இருந்திருப்பின், இக்கருவி நூறு வருஷங்களுக்கு முன்பே வந்திருக்குமோ என்னவோ!

பின்னர்க் கம்பெனிகள் வந்தன. புரோக்டர் அண்டு கேம்பிள் கம்பெனியில் விக்டர் மில்ஸ் என்ற ரசாயன எஞ்சினீர் தலைமையில் வேலை நடந்து, 1961-இல் பேம்பர்ஸ் என்ற சரக்கு அமெரிக்காவின் பியோரியா நகரில் பரீட்சார்த்தமாக விற்கப்பட்டது. விலை ஒன்று 10 சென்ட். ஜனங்கள் வாங்கத் தயங்கினர். யந்திரத்தை விரைவாக்கி விலையை 6 சென்டுக்கு இறக்கியபின் வியாபாரம் பெருகிற்று. 1980-களில், தன் எடையைப் போலப் பன்மடங்கு நீரைக் குடித்துக் கூழாகும் ரசாயனத் தூள் உள்ளே சேர்ந்தது. நம் சாக்கடையில் ஊதிக் கிடந்தது அத்தூளே. மரக்கூழ், அத்தூள், சுற்றிலும் பிளாஸ்டிக் ஏடு: இன்றைய டயப்பரின் சாரம் இவ்வளவே.

அதே 1980-களிலும் அடுத்த பத்தாண்டுகளிலும் பேராக்கில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாயின. லயத்தை விட்டவர்கள் ஈப்போ முதலிய பட்டணங்களின் அடுக்குமாடிகளில் குடியேறினர். அங்கே கொடி கட்ட முற்றமில்லை. காலில் இருத்திப் பழக்கப் பாட்டி இல்லை. தாயும் தந்தையும் தொழிற்சாலைக்குப் போயாகவேண்டும். அவ்விடைவெளியிலேயே டயப்பர் நம் வீட்டிற்குள் நுழைந்தது. அரைத்துணியை நாம் ஆராய்ந்து தள்ளவில்லை; அதைத் தாங்கிய வாழ்க்கை கலைந்தபோது அதுவும் கைநழுவியது.

விளம்பரத்தின் பழைய பாடம்

வசதி என்ற பெயரில் வருவதெல்லாம் நன்மையன்று என்பதற்கு மலாயாவிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. யுத்தத்திற்கு முன் சர்க்கரை சேர்த்த டின்பாலைக் குழந்தைகளுக்கு உகந்ததென்று விளம்பரம் செய்தனர். ஏழைத் தாய்மார் முலைப்பாலை நிறுத்தி அதை ஊட்டினர். பிள்ளைகள் மெலிந்து மாண்டனர். 1939-இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், பாலும் கொலையும் என்ற பொருள்படத் தலைப்பிட்டுப் பேசி இதை அஞ்சாது கண்டித்தார். டயப்பர் அவ்விதம் உயிரைக் கொல்வதன்று. அப்படிச் சொல்வது பொய். ஆயினும் விளம்பரத்தில் வரும் சிரித்த குழந்தையைக் கண்டு பணப்பையைத் திறக்குமுன், கணக்கைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதே அப்பாடம்.

கிராணியின் கணக்கு

கணக்கு நம் தொழில். நாளொன்றுக்கு ஆறு டயப்பர்; ஒன்று 70 காசு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 4 வெள்ளி 20 காசு. மாதத்திற்கு 126 வெள்ளி. இரண்டரை வருஷத்திற்கு 3,780 வெள்ளி. 2025-ஆம் வருஷம் அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆகவே கூலிக்காரர் ஒருவர் இரண்டு மாதத்திற்கு மேல் உழைத்த கூலி முழுவதும் குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

மறுபக்கம்: துணி முப்பது, ஒன்று 5 வெள்ளியாக 150, நீர் புகாத மேலுறை ஆறு, ஒன்று 20 வெள்ளியாக 120, சவுக்காரம், தண்ணீர், மின்சாரம் மாதம் 15 வெள்ளியாக முப்பது மாதத்திற்கு 450. மொத்தம் 720 வெள்ளி. மிச்சம் 3,060. அடுத்த குழந்தைக்கோ துணிச் செலவே இல்லை. விலை ஊருக்கு ஊர் சிறிது மாறும், முடிவு மாறாது. அம்மிச்சம் பிள்ளையின் பெயரில் வங்கியிலிருந்தால், பள்ளிக்குப் போகும் நாளில் அதற்கு உதவும்.

பூமியின் கணக்கும் உண்டு. 2012-இல் நம் நாட்டின் தேசியத் திடக்கழிவு நிர்வாகத் துறை நடத்திய ஆய்வில், வீட்டுக் குப்பை நூறு பங்கில் ஏறக்குறைய 12 பங்கு டயப்பராயிருந்தது. காகிதத்தை விட அது அதிகம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் இலாகா 2008-இல் வெளியிட்ட மற்றொரு கணக்கையும் ஒளியாமல் சொல்லவேண்டும். இரண்டரை வருஷ டயப்பரால் உண்டாகும் கரிவாயு 550 கிலோ. சாதாரணமாகத் துவைத்துக் கட்டும் துணியால் 570 கிலோ. துணி தோற்றது! ஆனால் யந்திரம் நிறையத் துணி போட்டு, வெளியில் கொடியில் உலர்த்தி, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் கட்டினால் 200 கிலோ குறையுமென்றும், யந்திரச் சூட்டில் உலர்த்தினால் கூடுமென்றும் அவ்வாய்வே கூறுகிறது. ஆகவே வெற்றி துணியில் இல்லை; துவைக்கும் முறையில் இருக்கிறது. சூரியன் கூலி கேட்காத நாடு நம்முடையது. தைப்பிங் அன்பர்கள் மட்டும் மழையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவர். அவர்களுக்குக் கூரையடிக் கொடியும் இரண்டு டஜன் துணி அதிகமும் வேண்டும்.

குருட்டு நம்பிக்கை இதிலும் புகுந்திருப்பதுதான் வேடிக்கை. ஜாவாத் தீவில், டயப்பரைக் கொளுத்தினால் குழந்தையின் அடிப்புறம் வெந்து சிவக்கும் என்ற நம்பிக்கையால் ஜனங்கள் அதைப் பிராந்தாஸ் ஆற்றில் எறிந்தனர். அவ்வாறு பல பட்டணத்தாருக்குக் குடிநீர் தருவது. 2017-இல் எக்கோட்டோன் என்ற சங்கத்தார் ஆற்றில் இறங்கி அவற்றை வாரியெடுத்தும், ஜனங்களுக்கு அறிவூட்டியும் வேலை செய்தனர். நாமோ அப்படியொரு நம்பிக்கைகூட இல்லாமலே சாக்கடையில் எறிகின்றோம்!

செய்யத்தக்கது

துணியைக் கட்டுவோர் செய்யவேண்டியவை சிலவே. மலத்தைக் கக்கூசில் கொட்டி நீர்விட்டபின்பே துணியை அலசவேண்டும். சவுக்காரமிட்டுச் சுடுநீரில் துவைத்து, நன்றாக அலசி, வெயிலில் முழுவதும் உலர்த்தவேண்டும். வாசனைத் திரவங்களைச் சேர்த்தால் துணியின் உறிஞ்சும் தன்மை குறையும். நனைந்தவுடன் மாற்றவேண்டும், ஈரத்துணியை நெடுநேரம் விட்டால் டயப்பரிலும் அதிகமாகத் தோல் புண்ணாகும். துணியின் மேல் பழிபோட்டுப் பயனில்லை. இரவிலும், பிரயாணத்திலும், நோயுற்ற நாளிலும் டயப்பர் கட்டினால் குற்றமொன்றுமில்லை. அதைச் சுருட்டிப் பையிலிட்டுக் குப்பைத்தொட்டியில் போடுக. ஆறில் நான்கு துணியானாலே, நம் கணக்கில் பெரும்பகுதி மிஞ்சும்.

இனி முக்கியமான ஒன்று. இத்தனை வரலாற்றிலும் மாறாத கேள்வி ஒன்றே: துவைப்பது யார்? கிராமத்தில் வண்ணாத்தி, லயத்தில் தாய், இன்று நம் சாக்கடையில் வங்காளதேசத்து இளைஞர். நம் பிள்ளையின் அழுக்கை எப்போதும் வேறொருவர் கையில் தள்ளியே வந்திருக்கின்றோம். டயப்பர் அக்கையைக் கண்ணுக்கு மறைத்ததேயன்றி ஒழிக்கவில்லை. எனவே துணிக்குத் திரும்புக என்று தாய்மாருக்கு மட்டும் உபதேசிப்பவர் சீர்திருத்தக்காரரல்லர்; பழைய சுமையைப் புதுப்பெயரில் திரும்பக் கட்டுபவர். துணி திரும்பட்டும், அடிமைத்தனம் திரும்பவேண்டாம். தகப்பன்மாரே, இச்சொல் முதலில் நமக்கே உரியது.

சாக்கடை தோண்டிய வாரமே நாம் முப்பது துணி வாங்கினோம். காலையில் ஆபீசுக்குப் புறப்படுமுன் அவற்றைத் துவைத்துக் கொடியில் போடுவது நம் வேலையென்று வீட்டில் ஏற்பாடு. முதல் நாள் எதிர்வீட்டுப் பெரியவர் வேலியருகே நின்று, "கிராணியாரே, இது பெண்பிள்ளை வேலையல்லவா?" என்று சிரித்தார். "பிள்ளை நம்முடையதுதானே, ஐயா?" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரங்களுக்குப்பின், அவர் வீட்டுக் கொடியில் பேரப்பிள்ளையின் துணிகள் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்து மடித்துக்கொண்டிருந்தவர் அப்பெரியவரே. ஈப்போ அடுக்குமாடியிலும் தோட்டக் குடியிருப்பிலும் இவ்விதக் கொடிகள் பெருகுமாயின், அரைத்துணியின் சரித்திரத்தில் அடுத்த பக்கத்தை எழுதும் பெருமை நம் சமூகத்து ஆண்மக்களுக்கும் கிட்டும்.